இருக்கட்டும் டீச்சர்

திண்டுக்கல்லில் பீரோ என்றால் என் பட்டறைதான். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், உண்மையும் அதுதான். கல்யாணச் சீர் ஏற்றிப்போகிற வண்டி எதையாவது நிறுத்திப் பாருங்கள், பீரோக் கதவின் மூலையில் என் பட்டறைச் சீட்டு ஒட்டியிருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினொரு வயதில் தகட்டில் துரு சுரண்ட வந்தேன். அளவு எடுக்கவோ, வரைபடம் படிக்கவோ, தகட்டை வளைக்கவோ எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எல்லாம் பார்த்துப் பார்த்துத் திருடியது. இன்று நாற்பது பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். அதில் இரண்டு பேர் இன்ஜினியர்கள். அவர்கள் போடுகிற அளவில் தப்பு கண்டுபிடிப்பது எனக்குக் காலைக் காபி மாதிரி.

இப்படிப்பட்ட நான், வேலை முடிந்த பீரோவுக்கு முன்னால் நின்று "சரி, ஏத்துங்கடா" என்று சொல்வதற்கு முன் இப்போதும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறேன். முதுகுக்குப் பின்னால் கை கட்டியபடி ஒருவர் நிற்பதுபோல இருக்கும். யாரும் இருக்க மாட்டார்கள். அந்த டீச்சரம்மா இறந்து பத்து வருஷம் ஆகப்போகிறது.

குள்ளமான உருவம். கஞ்சி போடாத நூல் சேலை. ஆண்கள் கட்டுகிற பெரிய வாட்ச். முதல் நாள் பட்டறைக்குள் வந்தபோது வெல்டிங் பொறி நாலாபக்கமும் பறந்துகொண்டிருந்தது. சேலையை ஒதுக்கிக்கொள்ளக்கூட இல்லை, நேராக நடுவில் வந்து நின்றார்.

"பள்ளிக்கூடம் ஒண்ணு ஆரம்பிக்கிறேன். டெஸ்க் வேணும்."

"எத்தனை பிள்ளைகம்மா? ஐநூறா, ஆயிரமா?"

"பன்னெண்டு."

வெல்டர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் கூடவே சிரித்தார். பிறகு பையிலிருந்து வரைந்த தாளை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

சிறுமலை அடிவாரத்தில், தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்த ஒரு பழைய பங்களாதான் பள்ளிக்கூடம். மிதமிஞ்சிய அறிவோடு பிறந்துவிட்ட பிள்ளைகளுக்கு மட்டும். கவர்மென்ட் உதவி கிடையாது, டிரஸ்ட் கிடையாது. சென்னையில் ஏதோ காலேஜில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு வந்து தன் கைக்காசில் தொடங்கியது. ஊருக்குள் அதற்கு 'மூளைப் பள்ளிக்கூடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். என்றைக்கோ உள்ள தேதியைச் சொன்னால் கிழமையைச் சொல்லிவிடுகிற பையன் ஒருவன் அங்கே இருந்தான். சுவரில் ஒரு கடிகாரமும் டீச்சர் கையில் ஒரு வாட்சும் வேறு வேறு நேரம் காட்டினால் அழுகிற குழந்தை ஒன்று இருந்தது. வேறு பள்ளிக்கூடங்களில் இதுகளை அடங்காதது என்றும் மந்தம் என்றும் கடைசி பெஞ்சில் தள்ளி வைத்திருந்தார்களாம்.

டெஸ்க் கதையைச் சொல்ல வேண்டும். தாளில் இருந்த அளவை நான் சரியாகப் பார்க்கவில்லை. பள்ளிக்கூட டெஸ்க் ஆயிரக்கணக்கில் செய்தவனுக்குத் தாள் எதற்கு? வழக்கமான உயரத்தில் செய்து நானே கொண்டுபோய் இறக்கினேன். அந்த அம்மா ஒவ்வொன்றையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இருக்கட்டும்" என்றார். நன்றாக இருக்கிறது என்று சொல்கிறார் என நினைத்து, மீசையைத் தடவிக்கொண்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து கேட் வேலைக்குப் போனபோதுதான் பார்த்தேன். பன்னிரண்டு பிள்ளைகளும் நின்றுகொண்டே எழுதுகிறார்கள். உட்கார்ந்தால் டெஸ்க் அவர்கள் மோவாய்க்கு வருகிறது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அன்றைக்கே எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவந்து, வேலையாட்களிடம் விடாமல் நானே உட்கார்ந்து கால் வெட்டினேன். திரும்பக் கொண்டுபோனபோது, "ஏம்மா, ஒரு போன் போட்டிருந்தா மறுநாளே வந்திருப்பேனே" என்றேன்.

"நீங்களே பார்த்துட்டீங்களே" என்றார். அவ்வளவுதான்.

அதுதான் அவர். யார் தப்பையும் திருத்த மாட்டார். தப்பு எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்திலேயே நிற்க விட்டுவிட்டு, பக்கத்தில் கை கட்டிக் காத்திருப்பார். கொத்தனார் படியை ஏற்ற இறக்கமாகக் கட்டினால் இருக்கட்டும். பள்ளிக்கூடத்து ஆயாம்மா குழம்பில் உப்பை அள்ளிப் போட்டால் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார், அதுவும் இருக்கட்டும். என் வெல்டர்கள் அவருக்கு 'இருக்கட்டும் டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள்.

அதில் ஒரு அழகு இருந்ததை நான் மறைக்க மாட்டேன். கிழமை சொல்லும் பையன் ஒருநாள் போர்டில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டான். டீச்சர் அதைச் சுற்றி சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு, அழிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். பதினொரு நாள் அது அப்படியே கிடந்தது. பன்னிரண்டாம் நாள் நான் ஜன்னலுக்குக் கம்பி அடித்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரம். தயிர்சாதக் கையோடு அவன் எழுந்து ஓடினான். போர்டில் ஒரு எண்ணை உள்ளங்கையால் அழித்து இன்னொன்றை எழுதினான். பிறகு நடு அறையில் ஆடினான் பாருங்கள், திருவிழாவில்கூட அப்படி ஒரு ஆட்டம் பார்த்ததில்லை. டீச்சர் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கு என் ஐந்தாம் வகுப்பு வாத்தியாரின் பிரம்பு ஞாபகம் வந்தது. இந்த அம்மாவிடம் நான் படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன் என்று நினைத்தேன்.

ஆனால் எல்லாரும் அப்படி நினைக்கவில்லை. ஒட்டன்சத்திரத்து மண்டிக்காரர் ஒருவர் மகனைச் சேர்த்திருந்தார். ஒருநாள் நான் இருக்கும்போதே வந்து சத்தம் போட்டார்.

"ஏனுங்க டீச்சர், மூணு வாரமா என்ற பையன் நோட்டுல தப்பு இருக்குதுங்க. நீங்க பார்த்தும் சும்மா இருக்கறீங்க. தப்புன்னு சொல்றதுக்குத்தானுங்களே பள்ளிக்கூடம்?"

"நான் சொல்லிட்டா அது என் சொத்தாயிரும்ங்க. அவனுக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"மூணு வாரமா ராத்திரி தூங்காம முழிச்சுக் கெடக்கறானுங்க!"

டீச்சர் தரையைப் பார்த்தார். "தெரியும்" என்றார். மண்டிக்காரர் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தத் 'தெரியும்' எனக்கு அன்றைக்கே உள்ளுக்குள் என்னவோ செய்தது. காட்டிக்கொள்ளவில்லை.

இனி பெட்டி விஷயம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்குப் பரீட்சை கிடையாது. ஒரு அறையில் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து, கையில் ஒரு பெட்டியைக் கொடுத்து, திற என்பார்கள் என்று மட்டும் ஊருக்குத் தெரியும். பழைய மரப்பெட்டி உடைந்துவிட்டது, இரும்பில் ஒன்று வேண்டும் என்று டீச்சர் என்னிடம் வந்தார். படம் கொடுத்தார்.

"வரைஞ்சபடியே செய்யுங்க. ஒரு நூல்கூட மாத்த வேண்டாம். யாருக்கும் காட்ட வேண்டாம்."

சாப்பாட்டு டப்பா அளவுப் பெட்டி. மூடியைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். உள்ளே ஒரு பால்ரஸ் குண்டு மூடியைப் பிடித்திருக்கும். பெட்டியைக் கவிழ்த்து இடது பக்கம் சாய்த்தால் குண்டு விலகும், மூடி நகரும். அருமையான யோசனை. ஆனால் படத்தில் இருந்தபடி செய்து பார்த்தால் மூடி அரை விரல் நகர்ந்து நின்றுவிட்டது. உள்விளிம்பு இரண்டு நூல், அதாவது கால் அங்குலம் கூடுதல், அதில் இடிக்கிறது. டீச்சர் படத்தைத் தப்பாகப் போட்டுவிட்டார் என்று சிரித்துக்கொண்டேன். கணக்கு படித்தவருக்குத் தகடு தெரியுமா? என் பட்டறையிலிருந்து திறக்காத பெட்டி ஒன்று வெளியே போனால் என் பெயர் என்ன ஆவது? உள்விளிம்பை இரண்டு நூல் வெட்டி அரத்தால் ராவினேன். பெட்டி வெண்ணெய் மாதிரி திறந்தது. அவரிடம் சொல்லவில்லை. இருக்கட்டும், அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று எனக்கும் ஒரு விளையாட்டு.

அப்போது என் பேத்தி யாழினிக்கு ஏழு வயது. மகனுடைய மகள். கெட்டிக்காரிதான், ஆனால் ஊரில் உள்ள கெட்டிக்காரப் பிள்ளைகளைப் போலத்தான். வாயாடி. காரில் ஏறினால் கடைப் பலகைகளை ஒன்று விடாமல் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்பாள். அவளை மூளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது. கைநாட்டு என்று என் முதுகுக்குப் பின்னால் பேசினவர்கள் எத்தனை பேர் இந்த ஊரில்! அத்தனை பேர் வாயையும் என் பேத்தி அடைப்பாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் பெட்டியைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன்.

"கவுத்து. இடது பக்கம் சாய். டக்குன்னு கேக்குதா? இப்பத் தள்ளு."

"தொறந்துருச்சு தாத்தா! இன்னொருக்க?"

"இன்னொருக்க. ஆனா யாருகிட்டயும் சொல்லக் கூடாது, என்ன?"

"ஏன் தாத்தா?"

"சொல்லக் கூடாதுன்னா கூடாது."

வசதி உள்ளவன் டியூஷன் வைக்கிறான், நான் பெட்டி வைக்கிறேன். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

சேர்க்கை நாள் காலையில் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, செய்தவன் என்ற உரிமையில் நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே போனது. ஒன்று பெட்டியைத் தரையில் அடித்தது. ஒன்று அழுதது. நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து பூ விவசாயி மகள் ஒருத்தி வந்திருந்தாள். பெட்டியைக் காதில் வைத்து அரைமணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "டீச்சர், எனக்குத் தெரியல. நாளைக்கு வந்து பாக்கட்டுமா?" என்றாள். டீச்சர் நோட்டில் என்னவோ வேகவேகமாக எழுதினார்.

யாழினி போனாள். கவிழ்த்தாள், சாய்த்தாள், தள்ளினாள். பத்து எண்ணுவதற்குள் பெட்டி திறந்துவிட்டது.

எழுதிக்கொண்டிருந்த டீச்சர் கை அப்படியே நின்றது. பெட்டியை வாங்கினார். ஒரு விரலை உள்ளே விட்டு, நான் அரத்தால் ராவின விளிம்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினார். பிறகு தலை நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

"இருக்கட்டும்" என்றார். யாழினிக்கு இடம் கிடைத்துவிட்டது.

திங்கட்கிழமை ஒரு கூடை லட்டோடு போனேன். டீச்சர் வகுப்பில் இருந்தார். ஆயாம்மா லட்டை வாங்கிக்கொண்டு வாய் நிறையச் சிரித்தாள்.

"உங்க பேத்தி பெரிய ஆளுதாங்கய்யா! பொட்டியைத் தொறந்துருச்சாம்ல. இதுவரைக்கும் ஒரு புள்ளையும் தொறந்ததில்ல."

"அம்புட்டுக் கஷ்டமா ஆயாம்மா?"

"கஷ்டமா? அது தொறக்காதுங்கய்யா. தொறக்காத மாதிரித்தான் டீச்சரம்மா செய்யச் சொல்லுவாக. தொறக்காததைக் குடுத்தா எந்தப் புள்ளை எம்புட்டு நேரம் மல்லுக்கட்டுது, எப்படி மல்லுக்கட்டுதுன்னு பாக்கிறதுக்கு."

படத்தில் தப்பு இல்லை. அந்த இரண்டு நூல் வேண்டுமென்றே போட்டது. பெட்டி திறந்த நொடியிலேயே யார் செய்த வேலை, யார் சொல்லிக்கொடுத்தது எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் சேர்த்துக்கொண்டார்.

அன்றைக்கே வகுப்பு முடியும்வரை நின்று சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். அந்த நாளைக்கு மூன்று வருஷம் ஓடியது.

எந்த வேலையாகப் போனாலும் டீச்சர் கேட் வரைக்கும் வருவார். என் முன்னால் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சொல்லுங்க" என்பார். நான் கேட் கீல் கிறீச்சிடுகிறதே என்பேன். தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு அடித்துத் தரட்டுமா என்பேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார்.

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல டீச்சர்."

"இருக்கட்டும்."

ஊஞ்சல் செய்து கொடுத்தேன். சறுக்கு மரம் செய்து கொடுத்தேன். சைக்கிள் நிறுத்தக் கூரை போட்டுக் கொடுத்தேன். வாயால் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தைக்குப் பதிலாக அந்தத் தோப்பையே இரும்பால் நிரப்பினேன். ஒவ்வொரு தடவையும் அதே 'சொல்லுங்க', அதே 'வேற?'. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். குத்திக்காட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். மகனைக் கேட்கிற தாய் மாதிரி அவ்வளவு மெதுவாகக் கேட்பார். கனவில்கூட வந்து கேட் ஓரம் நிற்க ஆரம்பித்தார்.

இதற்கு நடுவில் யாழினியின் பேச்சு குறைந்தது. முதலில் கடைப் பலகை படிப்பது நின்றது. பிறகு கேள்வி நின்றது. மருமகள் கவலைப்பட்டபோது, "அறிவு கூடுனா பேச்சு கொறையும், நீ சும்மா இரு" என்று அதட்டினேன். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற நாட்களில் அவள் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்ப்பாள். நான் கை ஆட்டுவேன். அவள் ஆட்ட மாட்டாள். சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் என் முகத்தைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுவாள். மற்ற பிள்ளைகள் அவளைவிடக் கெட்டிக்காரர்கள், அதனால் வாடிப்போகிறாள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். அதற்காகவாவது சொல்லிவிட்டு அவளை வேறு பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கலாம். ஊர் கேட்குமே. ஏன் எடுத்துவிட்டாய் என்று கேட்குமே.

ஒரு மழைக்காலத்தில் டீச்சரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போய்ப் பார்க்க வேண்டும், இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். பத்து நாளில் ஆள் இல்லை என்று போன் வந்தது.

அவர் குடியிருந்ததும் பள்ளிக்கூடத்திலேயேதான் என்பதால் அங்கேதான் கிடத்தியிருந்தார்கள். யாழினியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குப் பத்து வயது. மாலை போட்டேன். முகத்தைப் பார்க்காமல் போட்டேன் என்பதுதான் நிஜம். எடுக்கும்வரை இருக்கச் சொன்னார்கள். பட்டறையில் லோடு ஏற்றணும் என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். யாழினி முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்போதும் அங்கேதான் உட்காருவாள்.

டவுனுக்குள் நுழையும் முன் ரயில்வே கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைத்தேன்.

"தாத்தா, டீச்சர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"எதைம்மா?"

"பெட்டியை."

அணைத்த எஞ்சினை மறுபடி முடுக்கினேன், மறுபடி அணைத்தேன்.

"நான் சேந்த அன்னிக்கே சொல்லிட்டேன் தாத்தா. தாத்தாதான் சொல்லிக்குடுத்தாங்கன்னு."

"டீச்சர் என்ன சொன்னாக?"

"தெரியும்மா, நீ சொல்லிட்டேல்ல, உன் வேலை முடிஞ்சுதுன்னாங்க. தாத்தாவும் வந்து சொல்லுவாங்க, அதுவரைக்கும் நீ அவங்கள்ட்ட ஒண்ணும் கேக்காதேன்னாங்க. அவங்களா சொன்னாத்தான் அவங்களுக்கு நல்லதுன்னாங்க."

"மூணு வருசமா..."

"நீங்க வரும்போதெல்லாம் தூண்கிட்ட நின்னு பாப்பேன். இன்னிக்குச் சொல்லிருவாங்கன்னு நெனைப்பேன். நீங்க ஊஞ்சலைப் பத்திப் பேசுவீங்க."

ரயில் போனது. கேட் தூக்கினார்கள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியைத் திருப்பினேன்.

ஒரு பெரிய மனுஷி, நான் திருந்துவதற்காக ஏழு வயதுப் பிள்ளையைக் காவலுக்கு நிறுத்திவைப்பதா? அந்த அம்மா செய்தது சரியா? இத்தனை வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒட்டன்சத்திரத்துக்காரர் போட்ட சத்தம் நியாயம் என்றுகூடச் சில நாள் தோன்றும். ஆனால் அந்தக் காவலை ஒரே வார்த்தையில் முடித்துவைக்கிற சாவி மூன்று வருஷமும் என் வாய்க்குள்தான் இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். தோப்பில் ஒரு ஆள் இல்லை. பெரிய அறையில் ஆயாம்மா மட்டும் அழுதுகொண்டே தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். பூவிதழ்கள் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன். கிடத்தியிருந்த இடத்துக்கு நேராக நின்று, சத்தமாகச் சொன்னேன்.

"டீச்சர், அந்தப் பெட்டியை நான்தான் வெட்டினேன். புள்ளைக்கும் நான்தான் சொல்லிக்குடுத்தேன்."

ஆயாம்மா விளக்குமாற்றோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கிட்ட எதுக்குங்கய்யா சொல்றீக? பொட்டி ஆபீஸ் ரூமுலதான் கெடக்கு. உங்களுதுன்னா எடுத்துட்டுப் போங்க." காலடியில் தண்ணீரைத் தள்ளினாள். "செத்த வெளிய நில்லுங்க, ஈரம்."

வெளியே வந்தேன். யாழினி வாசலிலேயே நின்றிருந்தாள். கேட்டிருப்பாள். அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. அழுகை இல்லை. மூன்று வருஷம் காத்திருந்த களைப்பு மட்டும் இருந்தது, அந்தப் பத்து வயதில்.

"போவோமா தாத்தா" என்றாள்.

நான் முன் கதவைத் திறந்துவிட்டேன். அவள் என்னைத் தாண்டிப் போய், பின் கதவைத் திறந்து ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் பஸ் ஸ்டாண்டுக்கு நானே போகிறேன். மரியாதையாகப் பேசுகிறாள், மாத்திரை சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள். பையை முன் சீட்டில் வைத்துவிட்டுப் பின்னால்தான் ஏறுகிறாள்.